குறைந்த மட்டை, நிறைந்த ஆட்டம்

கருவி பெருகினால் தொழில் சிறக்கும் என்பது பொதுவான எண்ணம். எழுதுகோல்கள் பத்து இருந்தால் எழுத்து அழகுபெறும் என்று எவரும் சொல்வதில்லை. ஆயினும் விளையாட்டு என்று வந்தவுடன் அந்த எண்ணம் எப்படியோ மனத்தில் புகுந்து விடுகிறது. கோல்ப் ஆட்டத்தில் இது மிகுதி. கடையில் அடுக்கிய மட்டைகளைக் கண்டதும், இவை அனைத்தும் இல்லாமல் ஆட இயலாது என்று புதியவர் மலைக்கிறார். வாங்கியவரோ, வாங்கியதனாலேயே ஆட்டம் கைவந்துவிடும் என்று நம்புகிறார். இரண்டும் பிழையான முடிவுகள். குறைந்த மட்டைகளைக் கொண்டு பயில்வதே ஆட்டத்தைத் திருத்தும் நல்ல வழிகளுள் ஒன்று என்பதை இவ்விளையாட்டின் வரலாறும் காட்டுகிறது. மனிதர் ஒரு செயலைக் கற்கும் முறையை ஆராய்ந்தவர்களின் முடிவுகளும் அதற்குத் துணை நிற்கின்றன.

பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் வாழும் தமிழருக்கு இச்செய்தி எதற்கு என்ற வினா எழலாம். கோல்ப் செல்வர் ஆட்டம், துரைமார் ஆட்டம் என்னும் பெயர் இன்னும் நீங்கவில்லை. ஆனால் கிள்ளான் பள்ளத்தாக்கின் கோல்ப் திடல்களுக்கும் தமிழருக்கும் உள்ள தொடர்பு நெடியது. அத்தொடர்பு பெரும்பாலும் பையின் சுமையை ஏற்ற தோளின் தொடர்பாகவே இருந்தது என்பதுதான் எண்ணிப் பார்க்கத் தக்கது.

திடலும் தோட்டமும்

சிலாங்கூர் கோல்ப் கழகம் 1893ஆம் ஆண்டு கோலாலம்பூரில் பெட்டாலிங் குன்றில் தொடங்கப் பெற்றது. பின்னர் அது இப்போதுள்ள இடத்திற்கு, இன்றைய துன் ரசாக் சாலையின் அருகே, பெயர்ந்தது. 1962இல் முதல் மலாயாப் பொதுப் போட்டி அங்கேதான் நடந்தது. ஆஸ்திரேலியரான பிராங்க் பிலிப்ஸ் வெற்றி பெற்றார். 1963இல் கழகத்தின் பெயரோடு 'அரச' என்னும் சிறப்பு சேர்ந்தது.

அக்காலத்தில் ஆடியவருள் பெரும்பாலோர் ஆங்கில அதிகாரிகளும் தோட்டத் துரைமாரும் வணிகரும் ஆவர். அவர்களுக்குப் பை தூக்கியவர்களுள் தமிழர் பலர் இருந்தனர். பை தூக்குபவரைக் 'கேடி' என்பது ஆங்கில வழக்கு. தமிழில் அச்சொல் வேறொரு பொருளையும் நினைவூட்டுவதால், அவ்வேலையில் இருந்தவர்கள் கேலிக்கும் ஆளாயினர். ஆனால் அவ்வேலைக்கு வேண்டிய அறிவு சிறிதன்று. காற்றின் திசை, புல்லின் சாய்வு, குழிக்கு உள்ள தொலைவு, இந்த அடிக்கு எந்த மட்டை என்பன எல்லாம் அறிந்தவரே நல்ல துணையாவார்.

தலைநகரின் மேற்கே உள்ள புக்கிட் கியாரா ஒருகாலத்தில் ரப்பர்த் தோட்டமாக இருந்தது. அந்நிலத்தை அரசு எடுத்துக்கொண்ட பின், 1980களில் அங்கிருந்த தொழிலாளர் குடும்பங்கள் அருகிலிருந்த நீண்ட வீடுகளில் குடியமர்த்தப் பெற்றன. தோட்டம் இருந்த பகுதியில் கோல்ப் திடல்கள் எழுந்தன. பால்மரம் நின்ற இடத்தில் புல் விரிந்தது. அப்புல்லின் மேல் ஆடும் உரிமை தோட்டத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு எளிதில் கிட்டவில்லை. அதற்கு முதல் தடை கழகக் கட்டணம். இரண்டாம் தடை மட்டைகளின் விலை. முதல் தடையை நீக்குவது தனியொருவரால் இயலாது. இரண்டாம் தடையோ, பெரும் பகுதி மனத்தில் உள்ள தடையே ஆகும்.

பதினான்கு என்னும் எல்லை

கோல்ப் விதிகளின்படி ஓர் ஆட்டக்காரர் பதினான்கு மட்டைகள் வரை எடுத்துச் செல்லலாம். 'பதினான்கு வரை' என்பதே விதி. பதினான்கு வேண்டும் என்பது அன்று. மேல் எல்லை உண்டு. கீழ் எல்லை இல்லை. ஒரே மட்டையுடன் போட்டியில் இறங்கினாலும் விதி தடுப்பதில்லை. ஒரே அணியில் கூட்டாளிகளாக ஆடும் இருவர், இருவருக்கும் சேர்த்துப் பதினான்குக்கு மிகாத வரையில், மட்டைகளைப் பகிர்ந்து கொள்ளவும் விதி இடந்தருகிறது.

இந்த எல்லை பிறந்த கதை சுவையானது. பழங்காலத்தில் மட்டையின் தண்டு ஹிக்கரி என்னும் மரத்தால் ஆனது. 1920களில் எஃகுத் தண்டு வந்தது; அமெரிக்காவில் 1924இலும், பிரிட்டனில் 1929இலும் அதற்கு இசைவு கிடைத்தது. தொழிற்சாலையில் ஒரே சீராகச் செய்யக்கூடிய எஃகுத் தண்டு பெருகவே, ஒவ்வோர் அடிக்கும் ஒரு தனி மட்டை என்னும் பழக்கமும் பெருகிற்று. 1930களில் லாசன் லிட்டில் என்னும் அமெரிக்க வீரர் இருபதுக்கும் மேற்பட்ட மட்டைகளைக் கொண்டு சென்றது பெரும்பேச்சாயிற்று. ஆட்டக்காரர் தம் திறத்தால் செய்ய வேண்டியதைக் கடையில் விலைக்கு வாங்குகிறார் என்ற குறை எழுந்தது. பை தூக்குபவரின் முதுகும் ஒடிந்தது. 1938ஆம் ஆண்டு அமெரிக்கக் கோல்ப் சங்கமும், அடுத்த ஆண்டு ஸ்காத்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் கழகமும் பதினான்கு என்று வரையறுத்தன. ஆகவே பதினான்கு என்பது ஆட்டத்தின் தேவையைக் கணக்கிட்டு வந்த எண் அன்று. ஆசைக்குப் போட்ட அணையே.

அவ்வணையைத் தாண்டியவர் பட்ட பாட்டிற்கு 2001ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று உண்டு. இங்கிலாந்தில் ராயல் லிதம் திடலில் நடந்த பிரிட்டிஷ் பொதுப் போட்டியின் இறுதி நாளில், வேல்சு நாட்டு வீரர் இயன் வூஸ்நம் முதற் குழியை மிக நன்றாக ஆடி முடித்தார். அடுத்த குழிக்குச் சென்றபோதுதான் பையில் பதினைந்து மட்டைகள் இருப்பது தெரிய வந்தது. இரண்டு அடிகள் தண்டனையாகச் சேர்ந்தன. முன்னணியில் நின்றவர் இறுதியில் மூன்றாம் இடத்தைப் பிறரோடு பகிர்ந்து கொள்ள நேர்ந்தது. மிகுதியான ஒரு மட்டை அவருக்கு உதவவில்லை, ஊறே செய்தது.

சில மட்டைகளில் வளர்ந்தவர்கள்

குறைந்த மட்டைகளைக் கொண்டு பெரும்புகழ் பெற்றவருள் சிக் எவன்ஸ் முதலில் நினைக்கத் தக்கவர். சிறுவயதில் சிகாகோ நகரில் பை தூக்கியவர் அவர். 1916ஆம் ஆண்டு அமெரிக்கப் பொதுப் போட்டியில் ஏழே மட்டைகளுடன் ஆடி, நான்கு சுற்றுகளை 286 அடிகளில் முடித்து வெற்றி பெற்றார். அந்த எண்ணிக்கையை அப்போட்டியில் முறியடிக்க இருபது ஆண்டுகள் ஆயின.

ஸ்பெயின் நாட்டின் வடகரையில் பெத்ரேனியா என்னும் சிற்றூரில் பிறந்த செவே பாயஸ்தெரோஸ், சிறுவனாய் இருந்தபோது மூன்றாம் எண் இரும்பு மட்டை ஒன்றை மட்டுமே வைத்திருந்தார். அது தமையன் கொடுத்தது. ஊர்த் திடலில் பிள்ளைகள் ஆட இடமில்லை. ஆகவே கடற்கரை மணலே அவருக்குத் திடலாயிற்று. மூன்றாம் எண் மட்டை நெடுந்தொலைவுக்கு உரியது. முகம் சாய்வு குறைந்தது. மணலிலிருந்து பந்தை மெல்ல உயர்த்திப் போட அது ஏற்றதன்று. ஏற்காத கருவியை ஏற்கச் செய்ததே அவர் கல்வி. மட்டையின் முகத்தைத் திறந்து பிடித்தும், மணிக்கட்டைத் தளர்த்தியும், பந்தை முன்னும் பின்னும் வைத்தும் ஒரே மட்டையில் பல மட்டைகளின் வேலையைக் கண்டார். 1979, 1984, 1988 ஆகிய மூன்று ஆண்டுகளில் பிரிட்டிஷ் பொதுப் போட்டியிலும், 1980, 1983 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்க மாஸ்டர்ஸ் போட்டியிலும் வாகை சூடினார். 1979இல் அவருடைய பந்து ஒன்று கார்கள் நிறுத்தியிருந்த இடத்தில் போய் விழுந்தது. அங்கிருந்தும் தளத்தை அடைந்து, அக்குழியில் ஓர் அடி மிச்சமாக முடித்தார். நேரான வழியில் மட்டும் பழகியவருக்கு அது கைவந்திருக்குமா என்பது ஐயமே.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இந்திய வமிசத்திற் பிறந்த செவ்சங்கர் செவ்கோலும் என்னும் பாப்வா, கம்பு ஒன்றை மட்டையாகக் கொண்டு சிறுவயதில் பழகியவர். பை தூக்கிப் பிழைத்தவர். எழுத்தறிவு பெறவும் வாய்ப்பில்லாதவர். எவரும் கற்பிக்காமையால் அவர் கைப்பிடி உலக வழக்கிற்கு மாறாக, இடக்கை கீழும் வலக்கை மேலுமாக அமைந்தது. அப்பிடியோடே 1959, 1960, 1964 ஆகிய ஆண்டுகளில் டச்சுப் பொதுப் போட்டியை வென்றார். 1963இல் நேட்டால் பொதுப் போட்டியில் வென்றபோது, நிறவெறிச் சட்டத்தின் காரணமாகக் கழக மாளிகைக்குள் அவரை விடவில்லை. பரிசு வெளியே, மழையில் வழங்கப்பட்டது. 1965இல் அதே போட்டியில் உலகப் புகழ் பெற்ற கேரி பிளேயரை வென்றார். பிறகு ஆடும் உரிமையே அவருக்கு மறுக்கப்பட்டது. கருவியின் வறுமையை அவர் திறத்தால் வென்றார். சட்டத்தின் கொடுமையைத் தனியே வெல்ல இயலவில்லை.

இந்தியாவில் டெல்லித் திடலில் பை தூக்கியவரான அலி ஷேர், 1991இல் இந்தியப் பொதுப் போட்டியை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை வீரரானார். கல்கத்தாத் திடலின் புல்வெளிப் பணியாளர் ஒருவரின் மகனான எஸ். எஸ். பி. சௌராசியா 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அப்போட்டியை வென்றார். நெடுந்தொலைவு அடிப்பதில் முன்னணியில் நில்லாத அவரைப் புகழ்பெறச் செய்தது குழியருகே ஆடும் நுண்மையே.

மட்டையின் இயல்பு

இவற்றையெல்லாம் தனிமனிதரின் அருந்திறன் என்று தள்ளிவிடாமல், காரணம் காண வேண்டும். அதற்கு முதலில் மட்டையின் இயல்பை அறிதல் நலம்.

மட்டைகள் முக்கியமாக இரண்டு வகையில் வேறுபடுகின்றன. ஒன்று தண்டின் நீளம். மற்றொன்று முகத்தின் சாய்வு. நெடிய தண்டு வேகத்தை மிகுவிக்கும். முகச் சாய்வு குறைந்தால் பந்து தாழ்ந்து தொலைவு செல்லும். மிகுந்தால் உயர்ந்து அருகே விழும். இரும்பு மட்டைகளில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே ஏறத்தாழ அரை அங்குல நீளமும் நான்கு பாகைச் சாய்வும் வேறுபடும். இதனால் விளைவது சுமார் பத்துக் கஜ வேறுபாடு. பந்தும் மட்டையும் தொட்டுக் கொண்டிருக்கும் நேரமோ ஒரு வினாடியின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அந்த நொடிப்பொழுதில் முகம் எங்கே நோக்குகிறது, எவ்வளவு வேகத்தில் வருகிறது, பந்தை முகத்தின் நடுவில் தொடுகிறதா என்பனவே முடிவைத் தீர்மானிக்கின்றன.

ஆகவே பத்துக் கஜத்தை மாற்ற மட்டையைத்தான் மாற்ற வேண்டும் என்பதில்லை. தண்டை ஓர் அங்குலம் தாழப் பிடித்தால் தொலைவு குறையும். முழு வீச்சை முக்கால் வீச்சாக்கினால் குறையும். பந்தைப் பின்காலை நோக்கி வைத்தால் முகச் சாய்வு குறைந்து பந்து தாழ்ந்து செல்லும். முகத்தைத் திறந்து பிடித்தால் உயரும். இந்நான்கும் கைவந்தவருக்கு ஒரு மட்டை நான்கு மட்டையாகும். 1987இல் தாட் டேபர் என்னும் அமெரிக்கர், ஒற்றை மட்டைக்கென்றே நடந்த போட்டியில், ஆறாம் எண் இரும்பு மட்டை ஒன்றால் பதினெட்டுக் குழிகளையும் எழுபது அடிகளில் முடித்தார். குழியில் பந்தை உருட்டி விடுவதையும் அதே மட்டையால் செய்தார் என்பது நோக்கத் தக்கது.

கற்றலின் இயல்பு

எளிய கணக்கு ஒன்று. ஒருவர் பயிற்சித் திடலில் நூறு பந்து வாங்குகிறார். உருட்டு மட்டை நீங்கலாக உள்ள பதின்மூன்று மட்டைகளையும் முறையே எடுத்து அடித்தால், ஒவ்வொன்றுக்கும் எட்டுப் பந்துகூடக் கிட்டாது. நான்கு மட்டைகளை மட்டும் கொண்டு சென்றால் ஒவ்வொன்றுக்கும் இருபத்தைந்து. கை பழகுவதற்கு இது முதல் பயன்.

ஆனால் ஒரே மட்டையால் ஒரே இலக்கை நோக்கி இருபத்தைந்து முறை அடித்தால் போதுமா? போதாது. இங்கேதான் பலர் தவறுகின்றனர்.

1978இல் கெர், பூத் என்னும் ஆய்வாளர் இருவர் சிறுவரைக் கொண்டு ஒரு சோதனை செய்தனர். சிறு பைகளை இலக்கில் எறிய வேண்டும். ஒரு குழு மூன்றடித் தொலைவிலிருந்தே எறிந்து பழகிற்று. மற்றொரு குழு இரண்டடியிலிருந்தும் நான்கடியிலிருந்தும் பழகிற்று. மூன்றடியில் பழகவே இல்லை. சில வாரங்களுக்குப் பின் இரு குழுவையும் மூன்றடித் தொலைவில் சோதித்தபோது, மூன்றடியில் பழகாத குழுவே மேம்பட்டு நின்றது. பல்வேறு தொலைவில் பழகியவர் ஓர் அடியைக் கற்பதில்லை. தொலைவுக்கும் வலிமைக்கும் உள்ள உறவைக் கற்கிறார். உறவைக் கற்றவருக்குப் புதிய தொலைவு புதிதாவதில்லை.

1979இல் ஷே, மார்கன் என்னும் இருவர் செய்த சோதனை மற்றோர் உண்மையைக் காட்டிற்று. கையால் செய்யும் மூன்று வகை அசைவுகளை ஒரு குழு வரிசையாக, ஒன்றை முடித்து மற்றொன்று என்று பழகிற்று. மற்றொரு குழு கலந்து மாற்றி மாற்றிப் பழகிற்று. பழகும்போது முதற் குழுவே சிறந்தது. பத்து நாள் கழித்துச் சோதித்தபோது கலந்து பழகிய குழு முந்திற்று. எளிதாகப் பழகியது எளிதாக மறக்கிறது; தடுமாறிப் பழகியது நிலைக்கிறது. ஆசிரியர்களுக்கு இது வியப்பன்று. ஒரே வாய்பாட்டை நாளெல்லாம் ஒப்பித்த மாணவன், கணக்கு மாறி வந்தவுடன் திகைப்பதை வகுப்பறையில் கண்டவர்களே அவர்கள்.

இவை கோல்ப் திடலில் நடந்த சோதனைகள் அல்ல. எனினும் அவற்றிலிருந்து ஒரு நெறி தெளிவாகிறது: கருவி குறைய வேண்டும், பணி குறையக் கூடாது. மட்டை சிலவாகவும் அடி பலவாகவும் அமைவதே இப்பயிற்சியின் உயிர். மட்டை குறையும்போது அப்பல்வகைமை தானே வந்து விடுகிறது. எட்டாம் எண் மட்டைக்கு உரிய தொலைவு வந்துவிட்டது. பையிலோ ஏழும் ஒன்பதும்தான் உள்ளன. ஏழை மென்மையாக்கி ஆடுவதா, ஒன்பதை முழு வீச்சில் ஆடுவதா என்று எண்ணியே தீர வேண்டும். அந்த எண்ணமே கல்வி.

மற்றொரு நன்மையும் உண்டு. பிழை நேர்ந்தால் மட்டையின் மேல் பழி போடும் வழக்கம் குறைகிறது. வேறு மட்டை இல்லாத இடத்தில் காரணத்தைத் தம் கையிலும் காலிலும் தேடுவதைத் தவிர வேறு வழியில்லை.

தமிழாசிரியர்களுக்கு இந்நெறி புதிதன்று. குறள் வெண்பாவிற்கு ஏழே சீர். அவ்வெல்லைக்குள் 1330 பாக்கள் பிறந்தன. சீர் குறைந்ததனால் பொருள் குறையவில்லை. ஒவ்வொரு சீரும் தன் முழு வேலையைச் செய்ய நேர்ந்தது.

பயிலும் முறை

பழங்காலத்தில் 'பாதித் தொகுதி' என்று கடைகளில் விற்றதும் ஏழு மட்டைகளே: மரமட்டை ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது ஆகிய ஒற்றைப்படை எண் இரும்பு மட்டைகள் நான்கு, மணல் மட்டை ஒன்று, உருட்டு மட்டை ஒன்று. மூன்றாம் எண் இரும்பு மட்டை புதியவருக்குக் கடினம். அதற்கு ஈடாக இக்காலத்தில் வரும் கலப்பு மட்டையைக் கொள்ளலாம். பழைய மட்டைகளைத் தேடி ஒன்றிரண்டாகச் சேர்ப்பவருக்கும் இத்தொகுதி எளிது.

பயிற்சியை மூன்று படியாக அமைத்துக் கொள்வது நலம்.

முதற்படி, ஒரு மட்டைப் பயிற்சி. ஏழாம் எண் மட்டை இதற்கு ஏற்றது. நெடிதும் அன்று, குறிதும் அன்று. முழு வீச்சு, முக்கால் வீச்சு, அரை வீச்சு, கால் வீச்சு என்று நான்கையும் கலந்து ஆடவேண்டும். ஒவ்வோர் அடிக்கும் இலக்கு மாறவேண்டும். ஒவ்வொரு வீச்சிலும் பந்து எங்கே முதலில் விழுந்தது என்பதைக் குறித்து வைத்துக் கொள்ளவேண்டும்.

இரண்டாம்படி, மூன்று மட்டைப் பயிற்சி. ஏழாம் எண், மணல் மட்டை, உருட்டு மட்டை ஆகியவற்றுடன் ஒன்பது குழிகளை ஆடுவது. எடுத்துக்காட்டாக, ஏழாம் எண்ணால் 130 கஜம் அடிப்பவர், 380 கஜக் குழியைத் தளத்தை எட்ட மூன்று அடியாகப் பங்கிட்டுத் திட்டமிட நேரும். தம் வலிமைக்கு மீறி ஆசைப்படாமல், அடுத்த அடி எங்கிருந்து எளிதாகும் என்று எண்ணும் பழக்கம் அப்போது வரும்.

மூன்றாம்படி, ஏழு மட்டைகளோடு பதினெட்டுக் குழிகள். இதனை மாதம் ஓரிரு முறை செய்தாலே போதும். போட்டி நாளில் முழுத் தொகுதியையும் கொண்டு செல்லலாம். பயிற்சிக்கான கட்டுப்பாட்டைப் போட்டிக்கு இழுத்துச் செல்ல வேண்டியதில்லை.

எப்படியிலும் உருட்டு மட்டையை விலக்கலாகாது. பார் 72 என்னும் கணக்கிலேயே ஒவ்வொரு குழிக்கும் இரண்டு உருட்டல் என்று 36 அடிகள் அடங்கியுள்ளன. ஆட்டத்தின் பாதியைத் தாங்கும் மட்டை அது ஒன்றே. குழியின் விட்டமோ நாலேகால் அங்குலந்தான். இப்பயிற்சிக்குப் பெருந்திடலும் வேண்டியதில்லை. வீட்டில் விரித்த கம்பளமும் ஒரு தேநீர்க் குவளையும் போதும்.

கிள்ளான் பள்ளத்தாக்கின் நிலை

நூல்களில் உள்ள அறிவுரை அனைத்தும் இந்நாட்டிற்குப் பொருந்துவதில்லை. ஸ்காத்லாந்துக் கடற்கரைத் திடல்கள் காய்ந்து கெட்டியானவை. அங்கே பந்து விழுந்தபின் நெடுந்தூரம் ஓடும். இங்கே அகன்ற இலையுடைய பசும்புல். மாலை மழையால் ஈரமான நிலம். பந்து விழுந்த இடத்திலேயே நின்றுவிடும். ஆதலால் தாழ அடித்து ஓடவிடும் முறை இங்கே எப்போதும் உதவாது. ஒவ்வொரு வீச்சிலும் பந்து காற்றில் எவ்வளவு தொலைவு செல்லும் என்பதை அறிவதே முதன்மை. குறைந்த மட்டைப் பயிற்சி அதைத்தான் கற்பிக்கிறது.

வெயிலும் ஒரு காரணம். ஒரு மட்டை சற்றேறக்குறைய 300 முதல் 500 கிராம் எடை உடையது. ஏழு மட்டைகளைக் குறைத்தால் மூன்று கிலோ அளவு சுமை குறையும். பையும் சிறிதாகும். வண்டியை நாடாமல் நடந்தே ஆடலாம். நான்கு மணி நேரம் புழுக்கத்தில் நடப்பவருக்கு இது சிறிய உதவியன்று. இடி மின்னல் எச்சரிக்கை ஒலித்தால் மட்டை ஏழாயினும் ஒன்றாயினும் கீழே வைத்து ஒதுங்க வேண்டும் என்பதையும் சொல்லவேண்டும்.

சில எச்சரிக்கைகள்

இம்முறைக்கும் அளவு உண்டு. சிறிய மட்டையால் பெருந்தொலைவு அடிக்க முயன்று முதுகை முறுக்குவது தீங்கு. மட்டைக்கு மீறிய தொலைவு வந்தால் இரண்டு அடியாகப் பிரித்து ஆடுவதே முறை. பிடியும் நிலையும் அறியாத புதியவர், சிறிது காலமேனும் அறிந்தவர் ஒருவரிடம் அடிப்படையைக் கற்றபின் இதில் இறங்குவது நலம். இல்லையேல் பிழையே உறுதிப்படும். பாப்வாவின் கைப்பிடி அவருக்கு வெற்றி தந்தது. எல்லார்க்கும் தரும் என்று கொள்ளலாகாது.

எட்டக்கூடிய ஆட்டம்

மலேசியத் தொழில்முறைக் கோல்ப்பில் எம். இராமையா, பி. குணசேகரன் முதலிய தமிழ்ப் பெயர்கள் இடம்பெற்றுள்ளன. பிஜித் தீவில் இந்திய வமிசத்திற் பிறந்து, சாபாவின் கெனிங்காவ் போன்ற சிற்றூரில் பயிற்சியாளராக உழைத்த விஜய் சிங், 2001இல் சுபாங் அருகே உள்ள சௌஜானாத் திடலில் மலேசியப் பொதுப் போட்டியை வென்றார். 2004இல் உலகின் முதல் நிலையையும் எட்டினார். ஆகவே இவ்வாட்டம் எட்டாக் கனியன்று.

கழகக் கட்டணம் இன்றும் எளிய குடும்பங்களுக்குப் பெருஞ்சுமையே. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பயிற்சித் திடலில் ஒரு கூடைப் பந்தும், இருவர் மாற்றி ஆட ஒரு பழைய ஏழாம் எண் மட்டையும் எட்டக்கூடியவை. பள்ளி விடுமுறையில் மாணவர் சிலரை அங்கே ஒருமுறை அழைத்துச் செல்லும் ஆசிரியர், பதினான்கு மட்டைகள் இல்லை என்பதைக் குறையாகச் சொல்ல வேண்டியதில்லை. கற்பதற்கு உரிய முறையே அது என்று சொல்லலாம்.

சிக் எவன்ஸ் செய்த செயல் ஒன்று இங்கே நினைக்கத் தக்கது. ஏழு மட்டைகளால் வென்ற புகழ் அவருக்குப் பொருள் ஈட்டித் தர முன்வந்தது. அதைத் தாம் கொண்டால் தொழில்முறை ஆட்டக்காரர் ஆகிவிடுவார் என்பதால், தம்மைப் போலப் பை தூக்கிய இளைஞர் கல்லூரியில் கற்க ஒரு நிதியாக்கினார். 1930இல் அந்நிதியால் முதல் மாணவர்கள் கல்லூரி புகுந்தனர். அது இன்றும் நடந்து வருகிறது. ஆயிரக்கணக்கானோர் அதனால் பட்டம் பெற்றுள்ளனர். பை தூக்கிய தோளுக்குக் கல்வியும் கிட்டவேண்டும் என்று அவர் கருதினார். தமிழர் பை தூக்கிய திடல்கள் நிறைந்த கிள்ளான் பள்ளத்தாக்கில், அத்தகைய நிதி ஒன்று தோன்றுவதற்கு இடமும் உண்டு, காரணமும் உண்டு.